புதுநன்மைக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்? பிள்ளைங்களுக்கு பக்திப் பொருள் வாங்குறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஏப்ரல், மே வந்துட்டா பங்குல (எங்க கோயில்ல) புதுநன்மை, அதாவது பிள்ளைங்க முதல்தடவை நற்கருணை (பூசையில கொடுக்கிற அப்பம்) வாங்குறதுக்கான கிளாஸ் ஆரம்பிச்சிடும், கூடவே எனக்கு போனும் ஆரம்பிச்சிடும். நான் மறைக்கல்வி எடுக்குறவ, அதனால "டீச்சர், அண்ணன் பொண்ணுக்கு புதுநன்மை, என்ன வாங்கலாம்"னு கேக்காத ஆளே இல்ல. ஞானஸ்நானம், உறுதிபூசுதல் (ஞானஸ்நானத்துல வாங்கின விசுவாசத்தை வளர்ந்தப்புறம் உறுதிப்படுத்துற சடங்கு), கிறிஸ்துமஸ்னு வருஷம் பூரா இதே கேள்விதான் வேற வேற ரூபத்துல வருது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன்.

எதை வச்சு முடிவு பண்றது? கடைக்குப் போனா தலை சுத்துது.

ஒரே ஒரு விஷயம் யோசிங்க. இந்தப் பொருள் அந்த வீட்டுல கடைசியா எங்க போய் உக்காரும்? ஷோகேஸ்லயா, பீரோ லாக்கர்லயா, இல்ல பிள்ளை கையிலயா? நாம வாங்குற முக்காவாசி கிஃப்ட் பெத்தவங்களுக்குத்தான், பிள்ளை பேரு மட்டும் கவர் மேல இருக்கும். கண்ணாடி பாக்ஸ்ல லைட் எரியுற மாதா சுரூபம் (சிலை) பார்க்க அழகுதான், ஆனா வீட்டுக்கு வந்த முதல் நாளே "தொடாத, உடைச்சிடுவ"ன்னு அம்மா சொல்லிடுவாங்க, அதோட அந்தப் பிள்ளைக்கும் அதுக்கும் சம்பந்தம் முடிஞ்சுது. தொட்டு, பிடிச்சு, அழுக்காக்கி, தொலைச்சு, திரும்பத் தேடி எடுக்கிற மாதிரி பொருளா பாருங்க. விலை கம்மியா இருந்தா பரவாயில்ல, சொல்லப்போனா கம்மியா இருக்கறதுதான் நல்லது.

ஞானஸ்நானத்துக்கு கைக்குழந்தைக்கு என்ன கொடுக்கறது?

குழந்தைக்கு ஒண்ணும் தெரியப்போறதில்ல, அதனால இங்க மட்டும் பெத்தவங்களை நினைச்சு வாங்கினா தப்பில்ல. காவல் தூதர் படம் ஒண்ணு ஃப்ரேம் போட்டுக் கொடுக்கலாம், தொட்டில் இருக்கிற ரூம் சுவத்துல கை எட்டாத உயரத்துல மாட்டிக்குவாங்க, பேச்சு வந்ததும் அதைக் காட்டித்தான் பாட்டிமார் முதல் ஜெபம் சொல்லிக் கொடுப்பாங்க. கழுத்துல கட்டுற மாதிரி எதுவும் வேணாம், அது உத்தரியமோ (கயித்துல கோர்த்து கழுத்துல போடுற ரெண்டு சின்னத் துணித் துண்டு) கறுப்புக் கயித்துல கோர்த்த பதக்கமோ எதுவானாலும். தூக்கத்துல கயிறு இறுக்குறதும், குட்டிப் பதக்கத்தை வாயில போட்டு முழுங்குறதும் விளையாட்டு இல்ல. மூணு வயசு வரைக்கும் மணி கோர்த்த ஜெபமாலையும் இதே கணக்குதான்.

ஞானத்தாய் ஞானத்தந்தையா நிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். திருச்சபைச் சட்டப்படி நீங்க பதினாறு வயசு முடிஞ்ச, உறுதிபூசுதல் வாங்கின கத்தோலிக்கரா இருக்கணும்னு கேக்குறாங்களே, அது செயின் போடுறதுக்காக இல்ல, பிள்ளையை விசுவாசத்துல வளர்க்கக் கூட நிக்கிறதுக்காக. கோயில்ல பாஸ்கா திரியிலருந்து (ஈஸ்டருக்கு ஏத்துற பெரிய மெழுகுதிரி) பத்த வச்சு உங்க கையில கொடுக்கிற மெழுகுதிரி இருக்கே, அதை பத்திரமா ஒரு நல்ல டப்பாவுல போட்டு, மேல ஞானஸ்நானத் தேதியும் கோயில் பேரும் எழுதிக் கொடுங்க. வருஷா வருஷம் அந்தத் தேதியில வீட்டுல அதை ஏத்தச் சொல்லுங்க. முடிஞ்சா நீங்களே போய் ஏத்துங்க. பிறந்தநாளைக்கு கேக் வெட்டத் தெரிஞ்ச நமக்கு ஞானஸ்நானத் தேதி தெரியறதில்ல, கல்யாணத்துக்கு சர்டிபிகேட் கேக்கும்போதுதான் பங்கு ஆபீஸ்ல ரிஜிஸ்டரைப் புரட்டிக்கிட்டு நிக்கிறோம்.

புதுநன்மைக்கு?

இதுதான் முக்கியமான நேரம், ஏன்னா பிள்ளைக்கு விவரம் தெரிஞ்சு வாங்குற முதல் கோயில் கிஃப்ட் இது. ஒரு காலத்துல பத்து பன்னண்டு வயசுக்கு மேலதான் புதுநன்மை, 1910-ல பத்தாம் பத்திநாதர் பாப்பரசர் ஏழு வயசு வாக்குல புத்தி விவரம் வந்தா போதும்னு சொன்னதுக்கப்புறம்தான் வயசு இறங்கிச்சு. நம்ம பக்கம் பெரும்பாலும் மூணாவதுலருந்து அஞ்சாவது படிக்கிற பிள்ளைங்க. அந்த வயசுல எழுத்துக்கூட்டி இல்லாம சரளமா வாசிக்கும், சொந்தமா ஒரு பொருள் வச்சிருக்கறதுல பெருமை இருக்கும், ஆனா பொறுப்பு இன்னும் வந்திருக்காது. மூணையும் மனசுல வச்சு வாங்கணும்.

ஒரு ஜெபமாலை, ஒரு சின்ன ஜெபப் புத்தகம், ரெண்டையும் போட்டு வைக்க ஜிப் வச்ச துணிப் பை. அவ்வளவுதான், இதுக்கு மேல எதுவும் தேவையில்ல. பை எதுக்குன்னு கேப்பீங்க. பை இருந்தாதான் அது "என்னோட செட்", ஞாயித்துக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது அதை எடுத்து தோள்ல மாட்டிக்கும். பை இல்லாத ஜெபமாலை டிவி ஸ்டாண்ட் மேல சாவிக்கொத்தோட கிடக்கும்.

ஜெபப் புத்தகம் வாங்கும்போது உள்ள திறந்து ஜெபமாலைப் பக்கத்தைப் பாருங்க. 2002-ல ரெண்டாம் ஜான் பால் பாப்பரசர் ஒளியின் தேவ இரகசியங்களைச் (ஜெபமாலை சொல்லும்போது தியானிக்கிற இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்ச்சிகள்) சேர்த்தாரு, வியாழக்கிழமைக்கு அதான் சொல்றோம். பழைய அச்சை அப்படியே திரும்பப் போட்ட புத்தகங்கள்ல மகிழ்ச்சி, துயரம், மகிமை மூணுதான் இருக்கும், பிள்ளை வியாழக்கிழமை புத்தகத்தைத் திறந்துட்டு முழிக்கும். எழுத்து சைஸும் பாருங்க, பாட்டிங்க கையில இருக்கிற பொடி எழுத்துப் புத்தகம் எட்டு வயசுப் பிள்ளைக்கு ஒத்துவராது.

ஜெபமாலைல எது நல்லது? பிளாஸ்டிக், கிறிஸ்டல், ஒலிவ மரம், எல்லாம் இருக்கே.

மணி என்னதுன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி கோர்ப்பைப் பாருங்க. கம்பிக் கோர்ப்புல ரெண்டு மணிக்கு நடுவுல குட்டி வளையம் வரும், அந்த வளையத்தோட வாய் சரியா மூடியிருக்கான்னு நகத்தால தடவிப் பார்த்தாலே தெரிஞ்சிடும், லேசா திறந்திருந்தா நகம் மாட்டும். மாட்டினா அதை வச்சிடுங்க, ஒரு மாசம் தாங்காது. அதிகமா பிய்யுறது எங்கன்னா, பத்துப் பத்து மணியா இருக்கிற அஞ்சு பத்தும் ஒண்ணு சேர்ற இடத்துல மாதா பதக்கம் இருக்குமே, அங்கதான். பிள்ளைங்க ஜெபமாலையை விரல்ல மாட்டி விசிறி மாதிரி சுத்தும், சாயங்கால ஜெபத்துல மூணாவது பத்து வரும்போது எல்லாப் பிள்ளையும் இதைச் செய்யும், திட்டிப் பிரயோஜனம் இல்ல. அதனால நைலான் நூல்ல ஒவ்வொரு மணிக்கும் முடிச்சுப் போட்டுக் கோர்த்தது வாங்குங்க, சுத்தினாலும் இழுத்தாலும் ஒண்ணும் ஆகாது, அறுந்தாலும் மணி உருண்டு ஓடாது.

மணி கொஞ்சம் பெருசா இருக்கட்டும், சின்ன விரலுக்கு சின்ன மணிதான் சரின்னு நினைக்கிறோம், நிஜத்துல சின்ன மணி வழுக்கிக்கிட்டே போகும், பிள்ளை எட்டு சொல்லிட்டு பத்துக்குப் போயிடும். பரலோக மந்திரத்துக்கான (இயேசு சொல்லிக் கொடுத்த ஜெபம்) மணி வேற கலரா இருந்தா ரொம்ப நல்லது. மொத்தம் 59 மணி, அருள் நிறை மந்திரத்துக்கு (மாதாவைப் பார்த்துச் சொல்ற ஜெபம்) 53, பரலோக மந்திரத்துக்கு 6. எண்ணிப் பார்த்து வாங்குங்க, சிரிக்காதீங்க, மலிவு சரக்குல பதினொரு மணி வச்ச பத்தும் வரத்தான் செய்யுது.

கிறிஸ்டல் வேணாம், கீழ போட்டா சில்லு தெறிக்கும். எருசலேம் ஒலிவ மரம்னு சொல்லி விக்கிறது எல்லாமே அங்கருந்து வந்ததுன்னு நம்ப வேண்டியதில்ல, யாராவது திருப்பயணம் போய் வாங்கிட்டு வந்தா சரி. இருட்டுல பச்சையா மின்னுற பிளாஸ்டிக் ஜெபமாலையை பெரியவங்க நக்கலா பாப்பாங்க, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். லைட் அணைச்சதும் பிள்ளை அதைத் தேடும், தேடி எடுத்து கையில வச்சுக்கிட்டு படுக்கும், ரெண்டு அருள் நிறை மந்திரமாச்சும் சொல்லிட்டுத் தூங்கும். இதைவிட என்ன வேணும்?

பத்து மேடு வச்ச மோதிர ஜெபமாலை பெரிய பிள்ளைங்களுக்கு சரி. சின்னதுங்க அன்னைக்கே தொலைச்சிடும்.

ஜெபமாலையை கழுத்துல போட்டுக்கலாமா? மாமியார் கூடாதுங்கறாங்க.

பாவம்னு எங்கயும் இல்ல. வேளாங்கண்ணிக்கு காவி உடுத்தி நடந்து போறவங்க எத்தனையோ பேர் கழுத்துல போட்டுக்கிட்டுத்தான் போறாங்க. ஆனா அது ஜெபிக்கிற பொருள், ஃபேஷன் செயின் இல்ல, மந்திரிச்ச (ஃபாதர் ஜெபம் சொல்லி ஆசீர்வதிச்ச) பொருளுக்கு மரியாதை கொடுக்கணும்கிறதுதான் உங்க மாமியார் சொல்றதோட அர்த்தம், அது நியாயம்தான். கழுத்துல ஏதாவது இருக்கணும்னா அற்புதப் பதக்கமோ (மாதா உருவம் போட்ட பதக்கம்) சின்ன சிலுவையோ போதும். கார்மேல் மாதா உத்தரியம்னா அதை முதல்தடவை ஃபாதர்தான் ஜெபம் சொல்லி அணிவிக்கணும், சில பங்குகள்ல புதுநன்மை அன்னைக்கே போட்டு விடுவாரு. கம்பளித் துணி வேர்வையில அரிக்குதுன்னு பிள்ளை அழுதா, அப்படி ஒருதடவை வாங்கினதுக்கப்புறம் உத்தரியப் பதக்கமா மாத்திக்கலாம்னு 1910-லயே அனுமதி இருக்கு. நம்ம ஊர் வெயிலுக்கு இது தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது. விளையாடப் போகும்போது எதுவானாலும் கழட்டி வைக்கச் சொல்லுங்க.

பைபிள் கொடுக்கலாமா? எந்த பைபிள்?

கொடுக்கலாம், ஆனா பார்த்து. கத்தோலிக்க பைபிள்ல 73 புத்தகம், சிஎஸ்ஐ மாதிரி புராட்டஸ்டண்ட் சபைக்காரங்க வச்சிருக்கறதுல 66. அவசரத்துல ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கடையில கறுப்பு அட்டை போட்டதை வாங்கிட்டு வந்துட்டு, மறைக்கல்வி வகுப்புல டீச்சர் "தோபித்து எடு"ன்னா பிள்ளை தேடித் தேடி அழும். கடையிலயே பொருளடக்கத்தைத் திறந்து தோபித்து, யூதித்து, மக்கபேயர் இருக்கான்னு பாருங்க, இருந்தா வாங்குங்க. இப்ப நம்ம கோயில்ல வாசிக்கிறது 1995-ல வந்த பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம்னு அட்டையில இருக்கும்.

ஆனா முழு பைபிளை எட்டு வயசுல கொடுத்தா தலைமாட்டுல வச்சுத் தூங்கத்தான் ஆகும். அந்த வயசுக்கு படக்கதை பைபிள்தான். அதுலயும் படத்தை நல்லா பாருங்க. கதை பூரா எழுதியிருக்கறதைவிட ஒவ்வொரு பக்கத்துலயும் பிள்ளை கேள்வி கேக்குற மாதிரி படம் இருக்கணும், நோவா பேழைக்குள்ள பாம்பு இருந்துச்சா, யோனா மீன் வயித்துக்குள்ள என்ன சாப்பிட்டாரு, இதெல்லாம் கேக்கணும். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைன்னு இங்கிலீஷ்ல வாங்குறவங்க, வீட்டுல படிச்சுக் காட்டப்போறது பாட்டியா அம்மாவான்னு யோசிச்சு வாங்குங்க.

சுரூபம்?

மாவு சுரூபம் மூக்கு உடையும், அது விதி. ஃபைபர் வாங்குங்க, ஒரு ஜாண் உயரத்துக்கு மேல வேணாம். பிள்ளை படிக்கிற மேசையில நிக்கிற சைஸ் போதும். வீட்டுப் பீடத்துல ஏற்கனவே வேளாங்கண்ணி மாதா, குழந்தை இயேசு, அந்தோணியார், சூசையப்பர்னு இடம் இல்லாம நெருக்கிக்கிட்டு நிக்கிறாங்க, இன்னொருத்தரைக் கொண்டு போய் அங்க சேக்காதீங்க.

எந்தப் புனிதர்னு எப்படித் தேர்ந்தெடுக்கறது?

பிள்ளையோட ஞானஸ்நானப் பேரைக் கேளுங்க. இப்பல்லாம் ஸ்கூல்ல ஒரு பேரு, ஞானஸ்நான ரிஜிஸ்டர்ல ஒரு பேரு. ஸ்கூல்ல என்ன ஸ்டைலான பேரா இருந்தாலும் ரிஜிஸ்டர்ல ஆரோக்கியம், சவேரியார், சூசை, அருளானந்துன்னு ஏதாவது ஒளிஞ்சிருக்கும். அந்தப் புனிதரோட படமோ பதக்கமோ கொடுத்து, திருநாள் தேதியைப் பின்னாடி எழுதுங்க. ஆரோக்கியம்னா (வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா) செப்டம்பர் 8, சவேரியார்னா டிசம்பர் 3, சூசையப்பர் மார்ச் 19, அந்தோணியார் ஜூன் 13, அருளானந்தர் பிப்ரவரி 4. அந்த நாள்ல ஒரு போன் பண்ணி "நாம விழா வாழ்த்துக்கள்"னு சொன்னா பிள்ளை உங்களை மறக்காது.

நம்ம மண்ணோட புனிதர்களை விட்டுடாதீங்க. தேவசகாயம் 1712-ல நட்டாலத்துல பிறந்தவரு, 1752-ல ஆரல்வாய்மொழி காத்தாடிமலையில சுட்டுக் கொன்னாங்க, கல்லறை கோட்டாறு சவேரியார் கோயில்ல இருக்கு, 2022 மே 15-ல புனிதராக்கினாங்க. குருவானவரும் இல்ல துறவியும் இல்ல, கல்யாணம் ஆன குடும்பஸ்தர். அருளானந்தர் 1693-ல ஓரியூர்ல வெட்டுப்பட்டவரு, அந்த இடத்து சிவப்பு மணலை இன்னைக்கும் சனங்க எடுத்துட்டுப் போறாங்க. பதக்கம் வாங்கிக் கொடுக்கறதுக்கு பதிலா ஒரு நாள் காரை எடுத்துக்கிட்டு பிள்ளையை அங்க கூட்டிட்டுப் போறதே கிஃப்ட்தான், நான் இதைத்தான் எல்லாருக்கும் முதல்ல சொல்வேன், ஆனா யாருக்கும் லீவு கிடைக்கறதில்ல.

கொஞ்சம் பெரிய பசங்க, எந்நேரமும் போன் நோண்டுறவங்கன்னா கார்லோ அக்குதிஸ். 1991-ல பிறந்து 2006-ல பதினஞ்சு வயசுல லுக்கேமியாவுல இறந்த பையன், நற்கருணை அற்புதங்களைப் பத்தி சொந்தமா வெப்சைட் செஞ்சவன், 2025 செப்டம்பர் 7-ல புனிதராக்கினாங்க. ஜீன்ஸும் ஷூவும் போட்ட புனிதர் படத்தை முதல்தடவை காட்டும்போது வகுப்புல பசங்க மூஞ்சியைப் பார்க்கணுமே!

கொடுக்கறதுக்கு முன்னாடி மந்திரிக்கணுமா?

ரெண்டும் சரி, ஆனா மந்திரிக்காம கொடுத்து பிள்ளையையே ஃபாதர்கிட்ட கொண்டு போகச் சொல்றது எனக்குப் பிடிச்ச வழி. பூசை முடிஞ்சதும் சக்கிறிஸ்து (ஃபாதர் பூசை உடுப்பு மாத்துற அறை) பக்கம் போய் கையை நீட்டி "மந்திரிச்சுக் கொடுங்க ஃபாதர்"னு அது சொல்லணும், தீர்த்தம் தெளிக்கும்போது மூஞ்சியில பட்டு கண்ணை மூடணும், அப்பதான் அது தன்னோடதுன்னு தோணும். வேளாங்கண்ணி, பூண்டி மாதிரி இடத்துல வாங்கினா அங்கயே மந்திரிச்சு வந்துடறாங்க, அதுவும் நல்லதுதான்.

ஆன்லைன்ல "பாப்பரசர் ஆசீர்வதித்தது"ன்னு போட்டு கூட காசு வாங்குறாங்களே, அந்தப் பக்கம் போகாதீங்க. ஆசீர்வாதத்துக்கு விலை வைக்கிறதை திருச்சபை எப்பவும் ஒத்துக்கிட்டதில்ல. புனிதரோட எலும்புத் துண்டு, திருப்பண்டம்னு விக்கிறது அதைவிட மோசம், சட்டம் 1190-ல திருப்பண்டம் விக்கவே கூடாதுன்னு பட்டுன்னு சொல்லியிருக்கு.

தாய்மாமன் நான், தங்கம் போடாம போனா நல்லா இருக்குமா?

போடுங்க, வேணாம்னு சொல்ல நான் யாரு, அது சீர், அது வேற கணக்கு. சிலுவை டாலர் வச்ச செயின் போட்டா அது லாக்கருக்குப் போகும், பொண்ணு கல்யாணத்துக்கு வெளிய வரும், அதுல ஒரு தப்பும் இல்ல. கூடவே ஒரு நூல் ஜெபமாலையும் வாங்கிட்டுப் போங்க மாமா, பிள்ளை ஞாபகம் வச்சுக்கப்போறது அதைத்தான்.

நாங்க இந்துக் குடும்பம். கூட வேலை பார்க்கிறவங்க பொண்ணுக்கு புதுநன்மை, என்ன கொடுக்கலாம்?

நீங்க பக்திப் பொருள்தான் கொடுக்கணும்னு யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க, டிரஸ், புக்ஸ், பணம் எது கொடுத்தாலும் சந்தோஷப்படுவாங்க. இருந்தாலும் ஆசையா இருந்தா உச்சியில சிலுவை வச்ச குத்துவிளக்கு பாத்திரக்கடைலயே கிடைக்கும், எங்க கோயில்லயும் விழான்னா குத்துவிளக்குதான் ஏத்துறோம்.

சிஎஸ்ஐ மாதிரி மத்த சபை சொந்தக்காரங்க பிள்ளைக்கு நாம கொடுக்கறதா இருந்தா சுரூபமும் ஜெபமாலையும் வேணாம், வசனம் எழுதின ஃப்ரேம் கொடுங்க. சங்கடம் ரெண்டு பக்கமும் இருக்காது.

உறுதிபூசுதல் வாங்குற பெரிய பிள்ளைங்களுக்கு?

இவங்களுக்கு பொம்மைத்தனமா எதுவும் கொடுத்தா கோவம் வரும். இப்ப முழு பைபிள் கொடுங்க, முதல் பக்கத்துல உங்க கையெழுத்துல நாலு வரி எழுதுங்க. பிரிண்ட் போட்ட வாழ்த்து அட்டையை யாரும் வச்சிருக்கறதில்ல, கையால எழுதினதை வச்சிருப்பாங்க. நல்ல தோல் அட்டை போட்ட டைரியும் கொடுக்கலாம், ஜெபம் எழுதுறாங்களோ கிரிக்கெட் ஸ்கோர் எழுதுறாங்களோ அது அவங்க பாடு.

கிறிஸ்துமஸுக்கு?

குடில் சுரூபம், வருஷத்துக்கு ஒண்ணா. இந்த வருஷம் ஆடு, அடுத்த வருஷம் இடையர், அப்புறம் ஒட்டகம், கடைசியா மூணு ராஜாக்கள். குடில்ல தன்னோட ஆடு நிக்குதான்னு பிள்ளை தினமும் போய் பார்க்கும்.

மந்திரிச்ச ஜெபமாலை அறுந்து போச்சு, குப்பையில போடலாமா?

போடாதீங்க. முதல்ல கோர்க்க முடியுமான்னு பாருங்க, பங்குல எப்படியும் ஒரு அக்கா கோர்த்துக் கொடுக்கறவங்க இருப்பாங்க. முடியலன்னா மண்ணுல புதைங்க, துணியோ பேப்பரோன்னா எரிச்சுட்டு சாம்பலைப் புதைங்க. இதை பிள்ளையை வச்சே செய்யச் சொல்லுங்க. "உடைச்சிட்ட பாரு, மாதா கோவிச்சுக்குவாங்க"ன்னு மட்டும் பயமுறுத்தாதீங்க, அப்புறம் அது எதையும் தொடவே பயப்படும்.

எதுவுமே வாங்க நேரமில்ல, பணமா கொடுத்தா தப்பா?

தப்பே இல்ல. கவர் மேல பிள்ளை பேரைப் போட்டு பிள்ளை கையில கொடுங்க, உள்ள ஒரு சின்ன புனிதர் படம் வச்சு பின்னாடி ஒரு வரி எழுதுங்க. உங்க பேரையும் ஊரையும் தெளிவா எழுதுங்க, ராத்திரி உக்காந்து மொய் நோட்டுல ஏத்துறப்ப "இது எந்த சூசை, மேலத்தெரு சூசையா கீழத்தெரு சூசையா"ன்னு அவங்க வீட்டுல அடிச்சுக்க வேணாம் பாருங்க.